மாமனார் பெயர் கொண்ட நாடு

புருல்சா என்ற பெயரை சூசார் முதன்முதலில் கேட்டது, அவளை நாட்டைவிட்டு அனுப்ப வந்த போலீஸ்காரரின் வாயிலிருந்துதான். அந்த மனிதர் ஒன்றும் அந்நியர் இல்லை. சூசாரின் மாமியார் ஷாயிர்கானுக்கு ஒரு பெரியம்மா இருந்தாள். அந்தப் பெரியம்மாவின் பேரனுக்குப் பெண் கொடுத்த வீட்டுக்காரர் அவர். ஆகவே வந்தவுடன் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார், உப்புப் போட்ட பால் தேநீர் குடித்தார், ஆடுகளின் நலம் கேட்டார். ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் சூசாரின் கணவன் மேதேர் போன் பேசினானா என்று விசாரித்தார். இன்னொரு கிண்ணம் தேநீர் குடித்தார். எழுந்து தொப்பியை மாட்டும்போதுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தவர்போல, மருமகளின் அகதிச் சான்று காலாவதியாகிவிட்டது, குளிர் தொடங்குவதற்குள் அவளை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்திருக்கிறது என்றார்.

பிள்ளைகள் இருவரும் தகப்பன் பெயரில் பதிவானவர்கள், அவர்கள் தாராளமாக இங்கேயே இருக்கலாம், போகவேண்டியது தாய் மட்டும்தான் என்று ஆறுதலும் சொன்னார். சின்னது அப்போது மடியில் படுத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தது. குழந்தை இந்தப் பக்கமும் பால் அந்தப் பக்கமுமாக எப்படி இருக்க முடியும் என்று ஷாயிர்கான் கேட்டதற்கு, அந்த விவரம் உத்தரவில் இல்லை என்றார்.

வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. ஓஷ் ஊர்ல புருல்சான்னு ஒரு வக்கீலம்மா இருக்கா. அவ கை வச்ச கேஸ்ல இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட என்னால அனுப்ப முடிஞ்சதில்ல. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சூசாருக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இருந்தது உண்மைதான். எல்லைக்கு அப்பால் தாஜிக் நாட்டில் இருக்கும் ஜெர்கே-தாலில் துப்பாக்கிச் சத்தம் கேட்க ஆரம்பித்த வருஷம், பல் விழுந்து முளைக்காத சிறுமியாக இருந்த அவளைத் தாய்மாமன் கம்பளிக்குள் சுருட்டிக் குதிரைமேல் போட்டுக்கொண்டு கணவாய் தாண்டி அலாய் பள்ளத்தாக்குக்கு வந்தான். பெற்றவர்கள் பின்னாலேயே வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. தாய்மாமனும் இங்கேயே மண்ணுக்குள் போய்விட்டான். இப்போது அந்தப் பக்கம் போனால், நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. போலீஸ்காரர் ஜீப்பில் ஏறிப் போனபிறகு அவள் கணவாய் இருக்கும் திசையைப் பார்த்தாள். பிறகு குழந்தையை அடுத்த பக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

புருல்சாவின் கதையை ஓஷ் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். நூகாத் ஊர்க்காரி. தகப்பன் எர்மாத், நூகாத்துக்கும் ஓஷுக்கும் நடுவே பஸ் ஓட்டியவர். பயணிகள் சண்டை போட்டால் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு, தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எடுப்பார். அதனால் அந்த பஸ் ஒருநாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. அந்தப் பிடிவாதம் மகளுக்கு வந்தது. தலைநகரத்தில் சட்டம் படித்தாள். படிக்கும்போதே உஸ்கென் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, ஒரே ஒரு குளிர்காலம் அந்த வீட்டில் இருந்தாள். பரீட்சை நாளில் வந்த விருந்தாளிகளுக்கு யார் தேநீர் ஊற்றுவது என்பதில் தகராறு முற்றி விவாகரத்தில் போய் முடிந்தது. அந்த வழக்கில் அவளே எழுந்து மாமனார் பெயரை எதிர்த்தரப்பு என்று சத்தமாக வாசித்தாள் என்பதை உஸ்கென் கிழவிகள் இன்னும் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொல்கிறார்கள்.

கணவாய் தாண்டி ஜனங்கள் வந்து பள்ளிக்கூடத்தில் படுத்துக்கிடந்த அந்தக் குளிர்காலத்தில், பெயர்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லி அரசு அலுவலகத்தார் அவளை அனுப்பினார்கள். சும்மா எழுதிவிட்டுத் திரும்பியிருக்கலாம். எழுதிய பிறகு இவர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று அனுப்பியவர்களையே கேட்டாள். பதில் வரவில்லை. பதில் வராத கேள்வியை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அப்படியே அதில் விழுந்தவள்தான்.

பருத்த உடம்பு, பெரிய கைப்பை. பையில் சட்டப் புத்தகமும் காய்ந்த தயிர் உருண்டைகளும் வீட்டுச் செருப்பும் இருக்கும். அதிகாரிகள் காக்க வைத்தால் செருப்பை மாற்றிக்கொண்டு, தயிர் உருண்டையைக் கடிக்க ஆரம்பித்துவிடுவாள். கல் உடைக்கிற மாதிரிச் சத்தம் வரும். பாதிப் பேர் அதைத் தாங்கமுடியாமலே உள்ளே கூப்பிட்டார்கள். ஒரே புகாரைப் பல அலுவலகங்களுக்கு எழுதுவாள். கொஞ்ச நாளில் அந்த அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று பதில் எழுத ஆரம்பித்து, அவளை மறந்து தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளும். அந்த இடைவெளியில் இவள் காரியத்தை முடித்துக்கொள்வாள்.

ஒருமுறை காகிதம் எதுவும் இல்லாத ஒரு தாஜிக் தச்சனைப் பிடித்து அடைத்து வைத்திருந்தார்கள். அப்படி ஓர் ஆள் இருப்பதற்கே சான்று இல்லை என்று கோப்பில் எழுதியும் வைத்திருந்தார்கள். புருல்சா அதைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத ஆளை எப்படி அடைத்தீர்கள், அவனுக்கு எந்தக் கணக்கில் சோறு போடுகிறீர்கள் என்று கேட்டாள். காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் இல்லாத ஆளைக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள்.

மாமியாரும் மருமகளும் ஓஷ் போய்ச் சேர்ந்தபோது, புருல்சா தன் இரண்டு அறை அலுவலகத்தில் மேசைமேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து, முகத்தைத் துடைத்து, பேனாவை எடுத்துக்கொண்டு நேரே கேள்விக்கு வந்தாள். எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டாள்.

சூசார் தரையைப் பார்த்தாள். "இந்த நாடுதான் அக்கா," என்றாள்.

"இந்த நாடுன்னா?"

"நாம உக்காந்திருக்கோம்ல. இது."

என்ன இனம் என்று கேட்டதற்கு, நீங்க என்ன இனமோ அதே இனம் என்றாள். என்ன மொழி என்று கேட்டதற்கு, இப்போ பேசிக்கிட்டிருக்கோமே இதுதான் என்றாள். புருல்சா பேனாவைக் கீழே வைத்தாள். மாமியார் கொண்டுவந்த உத்தரவோடு போலீஸ்காரர் முன்பு எழுதிய ஒரு குறிப்பும் இணைந்திருந்தது. அதில், விண்ணப்பதாரர் தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதையே அறியாதவர் என்று இருந்தது. பெண்ணுக்குப் புத்தி சுவாதீனம் இல்லையோ என்று யோசித்துக்கொண்டு அவள் மாமியாரைப் பார்த்தாள். ஷாயிர்கான் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீட்டுப் பெரியவர் பேரு கிர்கிஸ்பாய், மகளே. என் மருமக வீட்டுக்குள்ள வந்த நாள்லேருந்து அந்தப் பேரு அவ வாயில வந்ததில்ல. பாதிகூட வந்ததில்ல."

மருமகள்கள் மாமனார் பெயரையும் கணவனின் அண்ணன்மார் பெயர்களையும் வாயால் சொல்லக்கூடாது என்பது அந்த மலைகளில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மூத்த மைத்துனன் பெயரில் கல் என்ற சொல் இருந்ததால் சூசார் கல்லை 'கெட்டியானது' என்பாள். இன்னொருவன் பெயரில் இரும்பு இருந்ததால் அடுப்புக் கரண்டியை 'கறுப்புக் கை' என்பாள். வீட்டில் யாருக்கும் அதில் கஷ்டம் இருந்ததில்லை. ஆனால் மாமனார் பெயரில் கிர்கிஸ் நாடே இருந்தது, இனம் இருந்தது, மொழியும் இருந்தது. அவள் வெறுங்கையோடு வந்து அந்த மூன்றையும்தான் கேட்கவேண்டியிருந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு வேற பேரே கிடைக்கலியா அத்தை?"

"அவரு பொறந்தப்ப இந்த நாடு தனியா ஏது? நாடுதான் பின்னாடி வந்து அவரு பேரை வச்சுக்கிச்சு."

புருல்சா சூசார் பக்கம் திரும்பி, விசாரணை நாளன்று ஒரே ஒரு தரம் முணுமுணுத்துவிட்டு வந்துவிடு, யார் காதிலும் விழவேண்டாம் என்று கெஞ்சினாள். சூசார் தலையை ஆட்டினாள். அது சரி என்கிற ஆட்டலா முடியாது என்கிற ஆட்டலா என்பது புருல்சாவுக்கு விளங்கவில்லை. அவள் எல்லாவற்றையும் கெட்டிப்படுத்த நினைத்து, வீட்டுப் பெரியவரும் கட்டாயம் வரவேண்டும், இவள் எங்கள் வீட்டு மருமகள் என்று அவர் வாயாலேயே சொன்னால் குழு இளகிவிடும் என்று சொல்லி அனுப்பினாள். அவள் வக்கீல் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அதுதான். மாமனார் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எந்த மருமகள் அந்தப் பெயரை முணுமுணுப்பாள்? ஒரே குளிர்காலம் மட்டும் மருமகளாக இருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

குடியுரிமைக் குழு வட்டாரத் தலைமை ஊரின் கலாசார மன்றத்தில் உட்கார்ந்தது. மேடைமேல் முந்தின நாள் நாடகத்துக்கு வைத்த அட்டை மரங்கள் இன்னும் இருந்தன. அந்த மரங்களுக்கு நடுவே குழுத் தலைவர் அசங்குலோவ் உட்கார்ந்திருந்தார். நகரத்து ஆள், மெலிந்த கழுத்து, எதையும் இரண்டு தடவை வாசிக்கிறவர். பக்கத்தில் செயலாளர் நாஸ்குல், தட்டச்சு இயந்திரத்தோடு. கிர்கிஸ்பாய் வெள்ளைக் கம்பளித் தொப்பியும் பழைய பதக்கமும் அணிந்து முதல் வரிசையில் தூண்போல உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் ஷாயிர்கான், அவள் மடியில் சின்னக் குழந்தை.

பெரியவரின் சாட்சி நன்றாகவே நடந்தது. இவள் எங்கள் வீட்டு மருமகள், இவள் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டுத்தான் நான் கிழவனானேன் என்றார். தலைவர் எழுதிக்கொண்டார். பிறகு சூசாரைக் கூப்பிட்டு, எந்த நாட்டுக் குடியுரிமை கோருகிறீர்கள் என்று கேட்டார்.

"இந்த நாட்டுதுங்க."

"பேர் சொல்லுங்க."

"கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்குதுங்களே, அந்த நாடு."

கணவாய்க்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் அவர்கள் பக்கம்தான் இந்தப் பக்கம் என்று தலைவர் சுட்டிக்காட்டினார். சுவரில் இருந்த படத்தில் தொட்டுக் காட்டச் சொன்னார். அது பழைய சோவியத் காலத்துப் படம், எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு. சூசார் தொட்ட இடத்தை அவர் கிட்டப்போய்ப் பார்த்தார். அங்கிருந்து கடல்வரை ஒரே நாடாகத்தான் இருந்தது. அவர் முகம் இறுகியது. குடியுரிமை கேட்டு வந்தவர் அந்த நாட்டின் பெயரைச் சொல்லவே மறுப்பதை இதுவரை கண்டதில்லை, இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்றார்.

புருல்சா எழுந்து காரணத்தை விளக்கினாள். தலைவர் நகரத்து ஆளானாலும் மலைநாட்டு வீட்டில் பிறந்தவர்தான், புரிந்துகொண்டார். ஆனால் விதிப்படி உறுதிமொழியை வாயால் சொல்லியே ஆகவேண்டும், நாட்டின் பெயர் இல்லாமல் உறுதி எடுத்தால் எந்த நாட்டுக்கு எடுத்தது என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள் என்றார். பெரியவர் கொஞ்சம் வெளியே இருக்கட்டும் என்று ஒரு வழியும் சொன்னார். கிர்கிஸ்பாய் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவின் மேல்பாதி கண்ணாடி. வெள்ளைத் தொப்பி அதன் வழியே நன்றாகத் தெரிந்தது.

சூசார் வாயைத் திறந்தாள். குழந்தையைப் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. அந்தச் சொல் பல்லுக்குப் பின்னால் வரைக்கும் வந்து, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

செயலாளர் உறுதிமொழியை வரிவரியாகப் படிக்கட்டும், இவள் திரும்பச் சொல்லட்டும், கூட ஒரு குரல் இருந்தால் பயம் தெளியும் என்று தலைவர் நினைத்தார். நாஸ்குல் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஷாயிர்கானுக்கு அதுவரை சும்மா இருந்ததே பெரிய விஷயம். அவள் நாஸ்குலை ஏறஇறங்கப் பார்த்து, யார் வீட்டு மருமகள் நீ என்று கேட்டாள். ஜெகென்தி ஊர், இளைய மருமகள் என்று நாஸ்குல் மரியாதையாகச் சொல்லி, போல்துருக் என்ற மாமனார் பெயரை மட்டும் தாளில் எழுதிக் காட்டினாள்.

"எந்தப் போல்துருக்? குதிரைலேருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சவரா? அவரு அப்பா கோச்கோரும் எங்க வீட்டுக்காரரோட அப்பாவும் கூடப்பிறந்தவங்கல்ல. அப்படிப் பாத்தா இவரு உனக்கு மாமனார் முறை ஆச்சேம்மா."

நாஸ்குலின் கையிலிருந்த தாள் தாழ்ந்தது. கண்ணாடிக் கதவைப் பார்த்தாள், தலைமுக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள், உட்கார்ந்துவிட்டாள். தலைவர் வாசிக்கச் சொன்னார். அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் அந்தப் பேரை நூறு தடவை சொன்னியேம்மா."

"நேத்து வரைக்கும் எனக்கு முறை தெரியாதுங்களே ஐயா."

ஷாயிர்கான் அத்தோடு நிற்காமல் புருல்சா பக்கம் திரும்பி, உன் ஏழு தலைமுறைப் பெயரையும் சொல்லு பார்ப்போம் என்றாள். புருல்சா அவசரமாகக் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"இன்னிக்குக் கூட்டம் முடியுற வரைக்கும் எனக்கு அப்பனே கிடையாது அத்தை. தயவு செஞ்சு வாயை மூடுங்க."

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். செயலாளர் இல்லாமல் குழு நடக்காது, உறுதிமொழி இல்லாமல் விண்ணப்பம் முடியாது, ஆகவே அடுத்த வருஷக் கூட்டத்துக்கு ஒத்தி வைக்கலாம் என்றார். அடுத்த வருஷம் என்றால், அதற்கு முன்பே குளிர் வந்துவிடும். போலீஸ்காரரின் ஜீப்பும் வந்துவிடும். சூசாருக்கு அது விளங்கியது. அவள் மெல்ல மாமியாரிடம் போய்க் குழந்தையை வாங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குழந்தை அவள் காதணியைப் பிடித்து இழுத்தது.

புருல்சா பைக்குள் கையை விட்டாள். தயிர் உருண்டை எடுக்கப் போகிறாள் என்று தலைவர் பயந்தார். அவள் எடுத்தது சட்டப் புத்தகம். மொழி பேசத் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கோரும் உரிமை உண்டு என்ற பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். இவளுக்குத்தான் மொழி நன்றாகத் தெரியுமே என்றார் அவர்.

"எல்லாச் சொல்லும் தெரியும் ஐயா. ஒண்ணே ஒண்ணுதான் அவளால பேச முடியாது. அந்த ஒண்ணுக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் கேக்குறேன். ஒரு மொழியில இத்தனை சொல் தெரியாம இருந்தாத்தான் மொழிபெயர்ப்பாளர் குடுக்கணும்னு இங்க எங்கயாவது எழுதியிருக்கா? காட்டுங்க."

தலைவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு மூன்றாம் தடவையும் வாசித்தார். எழுதியிருக்கவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் தகுதிச் சான்று உள்ளவராக இருக்க வேண்டுமே என்றார், கொஞ்சம் தெம்போடு.

"வெளிய நிக்கிற பெரியவரே சொல்லட்டும் ஐயா. சொல்லப்போறது அவரோட சொந்தப் பேரு. அந்தச் சொல்லு தெரியும்கிறதுக்கு அவரு பாஸ்போர்ட்டை விடப் பெரிய சான்று வேணுமா?"

கிர்கிஸ்பாயை உள்ளே அழைத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர் தொப்பியை நேராக வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டை மேசைமேல் போட்டுவிட்டு, மருமகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் நெஞ்சில் கை வைத்தார்கள். தலைவரே வாசித்தார். நான், என்றாள் சூசார். கிர்கிஸ், என்றார் பெரியவர் கூரை அதிர. குடியரசின் குடியுரிமையை ஏற்று, என்றாள் சூசார். கிர்கிஸ், என்றார் மறுபடி. மக்களின் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டு, என்றாள் அவள். ஒவ்வொரு தடவையும் அவர் தன் பெயரை முன்னால் எறிய, அவள் அதன் பின்னாலேயே அடியெடுத்து வைத்தாள். இதில் ஒரு சிக்கல் இருந்தது. பெரியவர் உற்சாகத்தில் சில இடங்களில் கிர்கிஸ்பாய் என்று முழுதாகச் சொல்லிவிட்டார். அதனால் சூசார் தன் மாமனாரின் அரசியல் சாசனத்துக்கும் உண்மையாக இருப்பதாக உறுதி எடுக்கவேண்டி வந்தது. தலைவர் அதைத் திருத்தவில்லை. நாஸ்குல் தலைகுனிந்தபடியே எல்லாவற்றையும் தட்டச்சு செய்தாள். விரலால் அடிப்பதற்குத் தடை எதுவும் கிடையாது.

முடிந்ததும் தலைவர் கையெழுத்துப் போட்டார். சூசார் குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஷாயிர்கான் தலைவரையும் ஏறஇறங்கப் பார்த்து, தம்பி நீ எந்த வீட்டுப் பிள்ளை என்று ஆரம்பித்தாள். புருல்சா அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

முதல் பனி விழுவதற்கு முன் காகிதம் வந்தது. ஒன்று அல்ல, இரண்டு. உறுதிமொழி எடுத்தவர்கள் இருவர் என்று பதிவாகியிருந்ததால், சூசார் அன்றைய தேதியிலிருந்து இந்த நாட்டுக் குடிமகள் என்றும், கிர்கிஸ்பாய் அதே தேதியிலிருந்து புதிதாகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட குடிமகன் என்றும் எழுதியிருந்தது. இதுநாள்வரை அவர் எந்த நாட்டவராக இருந்தார், எந்த வழியாக உள்ளே வந்தார் என்று ஓய்வூதிய அலுவலகம் கேட்டது. போலீஸ்காரர் மறுபடியும் வந்து ரொட்டி பிட்டுத் தின்று, தேநீர் குடித்து, ஆடுகளின் நலம் விசாரித்தார். பிறகு வருத்தத்தோடு, போன தடவை மருமகள், இந்தத் தடவை மாமனார் என்றார். வக்கீலம்மா பெயரை அவர் எடுப்பதற்கு முன்பே அவர்கள் ஓஷுக்குக் கிளம்பினார்கள்.

புருல்சா பெரியவரை எதிரே உட்காரவைத்து, தன்னிடம் வந்த அகதிகளிலேயே பிறந்த ஊரைவிட்டு ஒரு தரமும் நகராதவர் இவர் ஒருவர்தான் என்றாள். அந்த வழக்கு அவளைப் பல வருஷம் இழுத்தடித்துத்தான் ஜெயித்தது. பள்ளத்தாக்கிலிருந்து லாரி நிறையச் சாட்சிகள் வந்தார்கள். இவர் எங்களவர்தான் என்று முதல் கையெழுத்தைப் போட்டவள் சூசார். இப்போது அவள் குடிமகள், அந்தக் கையெழுத்து செல்லும்.

புருல்சா இப்போது ஓஷில், சந்தைக்குப் பின்புறம் மருந்துக்கடை மாடியில் இருக்கும் அதே இரண்டு அறை அலுவலகத்தில்தான் இருக்கிறாள். முழங்கால் வலியால் மலைப்பக்கம் வருவதில்லை, பார்க்க வேண்டியவர்கள் படியேறிப் போய்ப் பார்க்கிறார்கள்.